557 நாட்கள்

அல்சைமர் நோய்க்கான டோனெபெசில் மாத்திரைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது 1996 நவம்பர் 25 அன்று. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே டாக்ரின் என்ற மருந்து சந்தைக்கு வந்திருந்தது. ஆனால் அதை நாளுக்கு நான்கு வேளை விழுங்க வேண்டும். போதாததற்குக் கல்லீரலும் அடி வாங்கும். புதிய மாத்திரையோ படுக்கப் போகும்போது ஒன்று போட்டால் போதும்.

பத்து நாள்கூட ஆகவில்லை. டிசம்பர் 4 தேதியிட்ட 'ஜாமா' மருத்துவ இதழில் அதே நோயைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதில் மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் கணவரோடோ மனைவியோடோ, அவர்களுடைய பிள்ளைகளோடும் உறவினரோடும், பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்து முறையாகப் பேசினால் என்ன ஆகும் என்று பார்த்திருந்தார்கள். நோயாளியை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டிய கட்டம் 329 நாட்கள் தள்ளிப்போயிருந்தது. கிட்டத்தட்ட பதினொரு மாதம்.

கட்டுரையில் ஐந்து பெயர்கள் இருந்தன. முதல் பெயர் மேரி மிட்டல்மன், நோய்ப்பரவலியல் அறிஞர். இரண்டாவது ஸ்டீவன் ஃபெரிஸ், உளவியலாளர். அடுத்து எம்மா ஷுல்மன், கெர்ட்ரூட் ஸ்டைன்பெர்க். இந்த இருவரும் சமூகப் பணியாளர்கள். பொதுவாக ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் நன்றி சொல்லி முடித்துவிடும் வரிசையில் வருகிறவர்கள். இங்கே அப்படி விட முடியாது. சோதனைக்கு உட்பட்ட 'மருந்து' என்பதே அவர்கள் உருவாக்கி, அவர்களே செய்துகாட்டிய வேலைதான்.

மூளை ஆராய்ச்சி என்றால் நுண்ணோக்கியும் ஸ்கேன் இயந்திரமும் நினைவுக்கு வருகின்றன. மறதி நோயைப் பொறுத்தவரை ஆராய்ச்சியின் ஒரு முக்கியப் பகுதி வீட்டுக்குள் நடக்கிறது. யாருக்கு நோய் இருக்கிறது, எவ்வளவு முற்றியிருக்கிறது, சிகிச்சை பலன் தருகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் பாதி விடை வீட்டார் வாயிலிருந்து வர வேண்டும். அந்த விடையை வாங்குவது ஒரு தொழில்திறன். சமூகப் பணியாளர்கள் அதை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயின்று வருகிறார்கள்.

பாஸ்டனில் ஒரு கூட்டணி

1912இல் பாஸ்டன் நகரில் மனநோய்க்கென ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் இயக்குநர் எல்மர் சதர்ட், ஹார்வர்டில் நரம்பு நோய்க்குறியியல் கற்பித்தவர். இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து மனநோயின் தடயத்தைத் தேடியவர். மூளைத் திசுவைத் தவிர வேறெதையும் அவர் பொருட்படுத்தமாட்டார் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் மறு ஆண்டே மேரி ஜாரெட் என்பவரை அழைத்துவந்து மருத்துவமனையின் சமூக சேவைப் பிரிவை அவரிடம் ஒப்படைத்தார். நோயாளி என்ன வேலை பார்த்தார், எப்போது அதை இழந்தார், வீட்டில் யாரோடு சண்டை, யார் அழைத்துவந்தார்கள் என்று ஜாரெட் குழுவினர் திரட்டிய குறிப்புகள் மருத்துவக் கோப்புக்குள் சென்றன. உளநலச் சமூகப் பணி என்ற துறைக்குப் பெயரும் பயிற்சியும் அங்கிருந்துதான் கிளம்பின. சதர்ட் 1920இல் இறந்தார். அவரும் ஜாரெட்டும் சேர்ந்து எழுதிய பெரிய நூல் 1922இல் வெளிவந்தது. மூளையை அறுத்தவரின் பெயரும் வீடுவீடாகப் போனவரின் பெயரும் ஒரே அட்டையில் இருந்தன.

அந்த இணக்கம் பிற்காலத்தில் தேய்ந்தது. ஆராய்ச்சி ஆய்வகத்துக்குள் போனது. சமூகப் பணியாளருக்கு வார்டும் படிவங்களும் மிஞ்சின. நியூயார்க்கில் 1987இல் அது மறுபடி ஒட்டியது.

ஆறு அமர்வுகளும் ஒரு தொலைபேசியும்

அந்த ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி ஒரு நீண்டகாலச் சோதனையைத் தொடங்கியபோது அல்சைமருக்கு அனுமதி பெற்ற மருந்து அமெரிக்காவில் ஒன்றுகூட இல்லை. நோய் கண்டறியப்பட்டால் மருத்துவர் உண்மையைச் சொல்வார். அதற்கு மேல் அவரிடம் கொடுக்க ஒன்றுமில்லை. குடும்பம் வீட்டுக்குத் திரும்பும். அடுத்த எட்டுப் பத்து ஆண்டுகளை எப்படிக் கடப்பது என்பது அவர்கள் பாடு.

முதல் கட்டமாக 206 பேர் சேர்க்கப்பட்டனர். எல்லோரும் நோயாளியின் கணவர் அல்லது மனைவி. எல்லோரும் நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் ஆலோசனைக் குழுவுக்கும் மீதிப் பேர் ஒப்பீட்டுக் குழுவுக்கும் பிரிந்தனர். சமூகப் பணியாளருக்கு இது எளிதான காரியமல்ல. உதவி கேட்டு வந்தவருக்கு உதவுவதே தொழில் என்று பழகியவரிடம், இந்த வீட்டுக்குப் போ, அந்த வீட்டுக்குப் போகாதே என்று குலுக்குச் சீட்டு சொல்கிறது. ஆய்வுத் திட்டம் ஒரு நடுவழியைக் கண்டது. ஒப்பீட்டுக் குழுவினர் கேட்டால் தகவலும் வழிகாட்டுதலும் கிடைக்கும். முறையான ஆலோசனை அமர்வுகள் மட்டும் கிடைக்காது. இதனால் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு குறைந்து தெரியும் அபாயம் உண்டு. அதைத் தெரிந்தேதான் ஏற்றார்கள்.

ஆலோசனைக் குழுவுக்கு நான்கு மாதத்துக்குள் ஆறு அமர்வுகள். இரண்டு, கவனித்துக்கொள்பவருடன் தனியாக. நான்கு, அவர் கைகாட்டும் உறவினர்களோடு. குடும்ப அமர்வுகளில் நோயாளி இருக்கமாட்டார். அவர் முன்னால் வைத்துப் பேச முடியாதவற்றைப் பேசுவதற்காகவே அவை. அதன்பின் வாராந்திர ஆதரவுக் குழுவில் சேர வேண்டும். கடைசியாக, தேவைப்படும்போதெல்லாம் ஆலோசகரைத் தொலைபேசியில் அழைக்கலாம். இதற்கு நாள் கெடு இல்லை. நோயாளி இல்லத்துக்குப் போன பிறகும் அந்த எண்ணை அழைத்தவர்கள் உண்டு.

அமர்வு எப்படி நடக்கும்? மனைவிக்கு நோய், கணவர் பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் தனி அமர்வில் அவர் வாழ்க்கையில் இருக்கும் மனிதர்களின் பட்டியல் எழுதப்படும். யார் யாரோடு பேசுகிறீர்கள்? மாதத்துக்கு எத்தனை முறை? யாரிடம் கஷ்டத்தைச் சொல்ல முடியும்? கிடைக்கும் உதவி உங்களுக்குத் திருப்தியா? சுமையையும் மனச்சோர்வையும் அளக்கும் கேள்வித்தாள்களும் உண்டு. ஆனால் ஆலோசகருக்கு அதிகம் பயன்படுவது அந்தப் பெயர்ப் பட்டியல்தான். அதில் இரண்டே பெயர் இருந்தால் பிரச்சினை எங்கே என்று பாதி புரிந்துவிடும்.

குடும்ப அமர்வில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு கட்டம் உண்டு. தொலைவில் இருக்கும் மகள், "போனில் பேசினால் அம்மா நன்றாகத்தானே பேசுகிறாள், அப்பாதான் பெரிதுபடுத்துகிறார்" என்பாள். தந்தை வாயடைத்துப் போவார். அல்சைமரின் ஆரம்பக் கட்டங்களில் உபசாரப் பேச்சு தாக்குப்பிடிக்கும்; ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சில் நோய் பிடிபடாது என்பதை ஆலோசகர் விளக்குவார். அந்த ஒரு விளக்கம் வெளியாளின் வாயிலிருந்து வரும்போது அதன் எடை வேறு. அதன்பின் பேச்சு காரியத்துக்கு வரும். ஞாயிறு மதியம் யார் வருவது, காப்பீட்டுக் கடிதங்களை யார் பார்ப்பது, இரவு ஒன்பது மணிக்கு அப்பாவை யார் அழைத்துப் பேசுவது. முப்பது வருடப் பழைய மனக்கசப்பைத் தீர்க்க ஆலோசகர் முயலமாட்டார். அவர் கண் முழுவதும் கவனித்துக்கொள்பவர்மீதுதான்.

எது வேலை செய்தது?

சோதனை அதோடு நிற்கவில்லை. ஆட்சேர்ப்பு 1997 பிப்ரவரி வரை தொடர்ந்து, மொத்தம் 406 குடும்பங்கள் ஆயின. முதலாண்டில் நான்கு மாதத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று ஒவ்வொரு குடும்பத்தையும் தொடர்ந்து விசாரித்தார்கள். 2006இல் 'நியூராலஜி' இதழில் முழுக் கணக்கு வெளிவந்தது. ஆலோசனை பெற்ற குடும்பங்களில் நோயாளி இல்லத்துக்குப் போகும் வேகம் 28.3 விழுக்காடு குறைந்திருந்தது. இடைநிலை மதிப்பைக் கொண்டு பார்த்தால் தாமதம் 557 நாட்கள். ஒன்றரை ஆண்டுக்கும் மேல்.

நோய் மெதுவாக முன்னேறியதா? இல்லை. ஆலோசனை நோயாளியின் மூளையைத் தொடவே இல்லை. நோயாளியின் தொல்லை தரும் நடத்தைகளும் குறையவில்லை. ஒரே கேள்வியை நாற்பது தடவை கேட்பது, நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு கிளம்புவது, பணத்தை ஒளித்துவைத்துவிட்டு யாரோ திருடிவிட்டதாகச் சொல்வது, எல்லாம் அதே எண்ணிக்கையில் தொடர்ந்தன. மாறியது, அவற்றைக் கவனித்துக்கொள்பவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது. வேண்டுமென்றே செய்கிறாள் என்ற கோபம், நோய் செய்கிறது என்ற புரிதலாக மாறியிருந்தது.

புள்ளியியலாளர்கள் இதைப் பிரித்துக் கணக்கிட்டார்கள். உறவினர் உதவியில் கிடைத்த திருப்தி, நடத்தைகளைத் தாங்கும் விதம், கவனித்துக்கொள்பவரின் மனச்சோர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து, கிடைத்த பலனில் 61.2 விழுக்காட்டை விளக்கின. இந்த எண் முக்கியமானது. அன்பாகப் பேசினார்கள், அதனால் நல்லது நடந்தது என்ற பொத்தாம்பொதுவான கூற்றுக்கும் அறிவியலுக்கும் உள்ள இடைவெளியை நிரப்புவது இதுதான். பலன் எந்த வழியாக வந்தது என்று காட்ட முடிந்தால், இன்னொரு ஊரில் அதே வழியைத் திறந்து பார்க்கலாம். அதற்கு வசதியாக முறை முழுவதும் 2003இல் தொழில்முறை ஆலோசகர்களுக்கான கையேடாகவும் வெளிவந்தது.

ஆள் சேர்ப்பவர்

எம்மா ஷுல்மன் ஓய்வு பெற மறுத்தவர். 96 வயதை நெருங்கியபோதும் அதே பல்கலைக்கழக மையத்தில் வாரத்துக்கு 50 மணி நேரம்வரை உழைத்தார். அவர் போனால் அந்த இடத்துக்கு இரண்டு மூன்று பேரை எடுக்க வேண்டியிருக்கும் என்று ஸ்டீவன் ஃபெரிஸ் கவலைப்பட்டார். அப்போது ஷுல்மன் பார்த்துவந்த வேலை, ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் ஆட்களைச் சேர்ப்பது.

வெளியிலிருந்து பார்த்தால் அது எழுத்தர் வேலை போலத் தோன்றும். ஆனால் அல்சைமர் மருந்துச் சோதனைகள் பல தடுமாறுவது ஆய்வகத்தில் அல்ல, இங்கேதான். இரத்த அழுத்தச் சோதனைக்கு ஒரு நோயாளி போதும். மறதி நோய்ச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும்: நோயாளியும், அவரை நன்கு அறிந்த ஒரு துணையும். மாத்திரையை நினைவூட்டிக் கொடுப்பவர், மருத்துவமனைக்கு அழைத்து வருபவர், போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்பவர் அந்தத் துணைதான். அவர் களைத்துப் போனால் நோயாளியும் ஆய்வை விட்டு விலகுவார். தனியாக வாழும் முதியவர்கள் பல சோதனைகளுக்குள் நுழையவே முடியாமல் போவதும் இதனால்தான்.

சம்மதம் என்பதும் இந்த நோயில் ஒரே நாளில் முடியும் கையெழுத்தல்ல. சேரும் அன்று புரிந்து சம்மதித்தவருக்கு இரண்டாம் ஆண்டில் தான் எதில் சேர்ந்தோம் என்பதே நினைவிருக்காது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கும்போது அவர் உடலை விலக்கிக்கொண்டால் அது மறுப்பா, பயமா? குடும்பத்தார் சார்பில் தரும் சம்மதம் எதுவரை செல்லும்? ஆய்வு நெறிமுறைக் குழுவின் விதிகள் பொதுவாக எழுதப்பட்டிருக்கும். எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகத்தை வைத்து முடிவெடுக்க, அவரை முன்பே அறிந்த ஒருவர் அறையில் இருக்க வேண்டும்.

கறுப்பின அமெரிக்கரிடையே ஆட்சேர்ப்பு செய்பவருக்கு இன்னொரு சுவரும் உண்டு. 1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கீகியில் மேகப்புண் நோயாளிகளான கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் அரசே வேடிக்கை பார்த்த ஆய்வு, பல குடும்பங்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. துண்டறிக்கை அச்சடித்து அந்த அவநம்பிக்கையைத் தீர்க்க முடியாது. தேவாலயக் கூட்டத்துக்கும் முதியோர் மன்றத்துக்கும் திரும்பத் திரும்பப் போய், ஆய்வு முடிந்த பிறகும் அங்கே முகம் காட்டுபவரால்தான் கொஞ்சமாவது முடியும்.

ஒரே முறை, மூன்று நாடுகள்

நியூயார்க்கில் பலித்தது வேறு ஊரில் பலிக்குமா? ஆஸ்திரேலியாவின் சிட்னியில் முதியோர் மனநல மருத்துவர் ஹென்றி பிராடட்டி, 1980களிலேயே கவனித்துக்கொள்பவர்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்திப் பலன் கண்டிருந்தார். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அதே துறையைச் சேர்ந்த அலிஸ்டேர் பர்ன்ஸ் இருந்தார். மிட்டல்மனோடு இருவரும் சேர்ந்து, மூன்று நாடுகளில் ஒரே திட்டத்தை நடத்தினார்கள். 158 தம்பதியர். நோயாளிகள் எல்லோருக்கும் டோனெபெசில். கவனித்துக்கொள்பவரில் பாதிப் பேருக்கு மட்டும், மூன்று மாதத்துக்குள் ஐந்து ஆலோசனை அமர்வுகளும் தேவைப்படும்போது தொலைபேசி உதவியும்.

2008இல் வந்த முடிவு தெளிவாக இருந்தது. ஆலோசனை பெற்றவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் காலப்போக்கில் இறங்கியது, பெறாதவர்களுடையது ஏறியது. மாத்திரை இரு தரப்புக்கும் பொது என்பதால் இந்த வேறுபாட்டை மாத்திரையின் கணக்கில் எழுத முடியாது.

அடுத்த ஆண்டு வந்த முடிவு சற்றுக் கசப்பானது. நோயாளி இல்லத்துக்குப் போகும் காலத்தை இந்த முறை ஆலோசனை தள்ளிப்போடவில்லை. அதைத் தீர்மானித்தவற்றில் நாடும் ஒன்று. ஆஸ்திரேலியாவில் மற்ற இரு நாடுகளைவிடச் சீக்கிரம் சேர்த்துவிட்டார்கள். வீட்டில் வைத்துப் பார்ப்பதா, இல்லத்தில் விடுவதா என்ற முடிவில் குடும்பத்தின் மனநிலை ஒரு பங்குதான். இல்லங்களில் இடம் கிடைக்கிறதா, கட்டணத்தை யார் ஏற்கிறார்கள், வீட்டுக்கு வரும் உதவியாளர் எவ்வளவு நேரம் கிடைப்பார் என்பவை மீதி. ஆலோசகர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் ஒரு நாட்டின் காப்பீட்டு விதியை அவரால் மாற்ற முடியாது.

0.3 விழுக்காடு

குடும்பத்தோடு பேசுவது சிகிச்சைக்கு மட்டும் தேவைப்படும் திறன் அல்ல. நோயாளிகளை எண்ணுவதற்கே அது வேண்டும். இந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் சென்னையும் வேலூரும் உண்டு.

1990களில் தமிழ்நாட்டின் திருப்போரூர்ப் பகுதியில் எஸ். ராஜ்குமார், ஆர். தாரா உள்ளிட்டோர் 60 வயதைக் கடந்த 750 பேரை ஆராய்ந்து, 3.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பதாகக் கண்டார்கள். 1998இல் கொச்சியில் நடந்த சர்வதேச அல்சைமர் மாநாட்டின்போது 10/66 என்ற ஆய்வுக் குழு உருவானது. பெயரே குற்றச்சாட்டு: டிமென்ஷியா உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே நடக்கவில்லை. லண்டனைச் சேர்ந்த மார்ட்டின் பிரின்ஸ் ஒருங்கிணைக்க, கியூபா, டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா, பெரு, மெக்சிகோ, சீனா, இந்தியா ஆகிய ஏழு நாடுகளின் 11 இடங்களில் களப்பணியாளர்கள் வீடுவீடாகப் போனார்கள். இந்தியாவில் நகர்ப்புறத்துக்குச் சென்னை, கிராமப்புறத்துக்கு வேலூர். மொத்தம் 14,960 முதியவர்கள்.

2008இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தபோது ஓர் எண் உறுத்தியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறையைப் பயன்படுத்தினால், கியூபாவில் 6.3 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா. இந்தியக் கிராமப்புறத்தில் வெறும் 0.3. இருபது மடங்குக்கும் மேல் வித்தியாசம். கிராமத்துக் காற்றும் மஞ்சளும் மூளையைக் காப்பாற்றுகின்றன என்று கொண்டாடக் கிளம்புவதற்கு முன், அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று பார்க்க வேண்டும்.

அந்த வரையறைப்படி, நினைவு குறைந்தால் மட்டும் போதாது. அதனால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்; முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும். களப்பணியாளர் திண்ணையில் உட்கார்ந்து மருமகளிடம் கேட்கிறார்: பணத்தைக் கையாளத் தடுமாறுகிறார்களா? அத்தை வாழ்நாளில் வரவு செலவு பார்த்ததே இல்லை. சமையலில் குழப்பம் உண்டா? அடுப்படியை மருமகள் ஏற்றுப் பதினைந்து வருடம் ஆகிறது. மறதி இருக்கிறதா? "வயசாச்சுல்ல, இருக்கத்தானே செய்யும்." எல்லாக் கேள்விக்கும் பதில் 'பிரச்சினை இல்லை' என்றே படிவத்தில் ஏறும். மூத்தவர்களுக்கு வேலை வைக்காத வீட்டில், வேலையில் ஏற்படும் சறுக்கல் கண்ணில் படாது. மாமியாரைக் குறை சொன்னதாக ஆகிவிடுமே என்ற தயக்கம் வேறு.

10/66 குழு இதை எதிர்பார்த்துத் தனக்கென ஓர் அளவுகோலைக் கையோடு கொண்டுபோயிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பொருந்தும் அறிவாற்றல் சோதனை, வீட்டாருடன் கட்டமைத்த நேர்காணல், மனநிலைப் பரிசோதனை ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் முறை அது. அதன் ஒரு பகுதி, கனடாவின் கிரீ பழங்குடியினரிடையே உருவாகி, நைஜீரியாவின் இபாடான் நகரில் யொருபா மக்களிடம் பயன்பட்ட கேள்வித்தொகுப்பு. இந்த முறையில் எண்ணியபோது நாடுகளுக்கிடையே இருந்த பள்ளம் சுருங்கியது. மிகக் குறைவு சீனக் கிராமப்புறத்தில் 5.6 விழுக்காடு, மிக அதிகம் டொமினிக்கன் குடியரசில் 11.7. பிற எல்லா இடங்களும், வேலூர் உட்பட, இந்த இரண்டுக்கும் இடையில் அடங்கின.

புதிய அளவுகோல் ஆரோக்கியமானவர்களையும் நோயாளியாக்கிவிட்டதோ? அந்த முறை நோய் என்று சொன்ன 1,345 பேரில் 847 பேரைப் பழைய வரையறை தவறவிட்டிருந்தது. ஆனால் அந்த 847 பேரின் செயலிழப்பைத் தனியாக அளந்தபோது மதிப்பெண் உயர்ந்தே இருந்தது. அவர்கள் உண்மையில் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அது யாருக்கும் சிரமமாகத் தெரியவில்லை.

ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் ஆராய்ந்த இந்திய-அமெரிக்கக் குழுவும் 1990களில் இதே சிக்கலைச் சந்தித்தது. பதில் தேடி, இந்தியக் கிராமத்து முதியவரின் அன்றாடத்திலிருந்தே கேள்விகளை எடுத்து ஓர் அளவுகோல் தயாரித்தார்கள். சாப்பிட்டதை மறந்துவிடுகிறாரா, ஊருக்குள்ளேயே வழி தவறுகிறாரா என்பன போன்றவை. இப்படிப்பட்ட கேள்வியை மேசையில் உட்கார்ந்து எழுத முடியாது. யாரோ ஒருவர் அந்த முற்றத்தில் ஒரு முழு நாள் இருந்து, பாட்டி காலையிலிருந்து இரவுவரை என்ன செய்கிறாள் என்று பார்த்திருக்க வேண்டும்.

இன்று இந்தியாவுக்குச் சொல்லப்படும் எண், 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர். இந்திய முதுமை நீள்தொடர் ஆய்வின் டிமென்ஷியா பிரிவு 2023இல் வெளியிட்ட மதிப்பீடு இது. அதிலும் ஒவ்வொரு முதியவருக்கும் சோதனை ஒரு பக்கம், அவரை அறிந்தவருடன் நேர்காணல் மறுபக்கம்.

யார் சம்பளம் தருவது?

குடும்பத்துக்கு உதவி நல்லது என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை. அதை மலிவாக்க முடியுமா என்ற கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 'ஐசப்போர்ட்' என்ற இணையவழிப் பயிற்சியை உருவாக்கியது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் அதை இந்தியாவுக்கு ஏற்ப மாற்றிச் சோதித்தபோது, பயிற்சியைப் பெற்றவர்களின் சுமையிலும் மனச்சோர்விலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஆரம்பித்தவர்களில் பலர் முடிக்கவும் இல்லை. நோயாளியைக் குளிப்பாட்டி, உணவூட்டி, தூங்கவைத்துவிட்டு வருபவருக்குத் திரையில் பாடம் படிக்கத் தெம்பு எங்கே?

சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் நடுவழி ஒன்றைச் சோதித்தது. மருத்துவத் தொழில் உரிமம் இல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற 'வழிகாட்டிகள்' குடும்பங்களைத் தொலைபேசியில் தொடர்ந்து அழைப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர், ஒரு மருந்தாளுநர். கலிபோர்னியா, நெப்ராஸ்கா, அயோவா மாநிலங்களில் 780 நோயாளிகளும் அவர்களின் குடும்பத்தாரும் பங்கேற்றார்கள். ஆங்கிலம், ஸ்பானிஷ், காண்டனீஸ் என மூன்று மொழிகளில் பேசினார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவது குறைந்தது, கவனித்துக்கொள்பவரின் மனச்சோர்வும் இறங்கியது.

இதே பல்கலைக்கழகமும் டப்ளினின் டிரினிட்டி கல்லூரியும் சேர்ந்து 2015இல் உலக மூளை நல நிறுவனத்தைத் தொடங்கின. அட்லாண்டிக் பிலாந்த்ரோபிஸ் அறக்கட்டளை 17.7 கோடி டாலர் தந்தது. அங்கே ஆண்டுதோறும் பல நாடுகளிலிருந்து பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர்களில் நரம்பியல் மருத்துவர்களோடு சமூகப் பணியாளர்களும் பொருளாதார அறிஞர்களும் கலைஞர்களும் இதழாளர்களும் இருக்கிறார்கள். சதர்ட்டும் ஜாரெட்டும் ஒரே அட்டையில் பெயர் போட்டு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, அந்தச் சேர்மானத்துக்கு ஒரு நிறுவனமும் நிதியும் கிடைத்தன.

கணக்குப் போடுபவர்களும் வந்து சேர்ந்தார்கள். நியூயார்க் முறையை மினசோட்டா மாநிலம் முழுவதும் செயல்படுத்தினால் 15 ஆண்டுகளில் பராமரிப்புச் செலவில் 99.6 கோடி டாலர் மிச்சமாகலாம் என்று 2014இல் ஒரு மதிப்பீடு வந்தது. அரசுகளுக்குப் புரியும் மொழி அது.

2024 ஜூலையில் அமெரிக்க மூத்த குடிமக்கள் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், டிமென்ஷியா பராமரிப்புக்கென எட்டு ஆண்டு முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பணம் கொடுக்க ஒப்புக்கொண்ட சேவைகளின் பட்டியலில் கவனித்துக்கொள்பவருக்குப் பயிற்சி இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கும் தொலைபேசி எண் இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களில், கவனித்துக்கொள்பவர் சில மணி நேரம் ஓய்வெடுக்க மாற்று ஆள் வைப்பதற்கு ஆண்டுக்கு 2,500 டாலர்வரை இருக்கிறது. திட்டத்தில் சேரும் ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது இரண்டு பேர் இருந்தாக வேண்டும்: டிமென்ஷியா சிகிச்சையில் தேர்ந்த ஒரு மருத்துவ நிபுணர், குடும்பத்தோடு பேசும் ஒரு பராமரிப்பு வழிகாட்டி. இருவருக்கும் சேர்த்தே மாதத் தொகை வருகிறது.